அசை எண்ணுகிறவள்

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கள் தெருவில் இன்றைக்கும் இரண்டு பேராவது எழுந்துபோய் மாட்டுக்கு உப்பும் மிளகாயும் சுற்றிப்போடுவார்கள். அவள் ஊரைவிட்டுப் போய் வருடங்கள் ஆகிவிட்டன. அந்தப் பயம் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

எங்கள் ஊர் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே, பாலாற்றங்கரையை ஒட்டி இருக்கிறது. காற்று திரும்பினால் தோல் பதனிடுகிற டேனரி வாடை வரும். வீட்டுக்கு ஒருவர் ஷூ கம்பெனிக்குப் போவார், வீட்டுக்கு ஒரு மாடு பின்பக்கம் கட்டியிருக்கும். நான் பால் சொசைட்டியில் காலையும் மாலையும் பால் அளக்கிறவள். யார் வீட்டு மாடு எத்தனை லிட்டர் கறக்கிறது, எந்தப் பாலில் எவ்வளவு கொழுப்பு, எவள் தண்ணீர் கலக்கிறாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வாயைத் திறக்க மாட்டேன். எங்கள் ஊரில் ஒருத்தர் மாடு கறக்கிற அளவை இன்னொருத்தரிடம் சொல்வது பெரிய தப்பு. பால் கேனைக்கூட முந்தானையால் மூடித்தான் கொண்டுவருவார்கள்.

அவளை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது உதடுதான். மாட்டுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, அதன் வாயையே பார்த்துக்கொண்டு, சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக்கொண்டிருப்பாள். கண் இமைக்காது. முதல் தடவை அதைப் பார்த்தபோது 'இயேசப்பா, இவள் என்ன ஜெபம் பண்ணுகிறாள்' என்று பயந்துபோய் நின்றேன்.

"இன்னாம்மா பண்ற?" என்றேன்.

கையை மட்டும் தூக்கி, இரு என்று சைகை காட்டினாள். மாடு மென்றதை விழுங்கியது. அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"அம்பத்தி நாலு."

"இன்னாது அம்பத்தி நாலு?"

"அசைக்கா. ஒரு வாய் மேல வந்தா எத்தினி தடவ மெல்லுதுன்னு எண்றேன். அம்பதுக்கு மேல போச்சுன்னா உள்ள வயிறு நல்லாக்குதுன்னு அர்த்தம். நாப்பதுக்குக் கீழ வந்துச்சுன்னா எனக்குச் சோறு எறங்காது."

இதை அவள் எங்கிருந்து பிடித்தாள் தெரியுமா? எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் கால்நடை டாக்டர் வந்து, தீவனம் கொடுப்பது எப்படி, பாலைக் கூட்டுவது எப்படி என்று வகுப்பு எடுத்தார். முப்பது பெண்கள் உட்கார்ந்திருந்தோம். நானும்தான் இருந்தேன். எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் மத்தியானம் போட்ட தக்காளி சாதம். அவர் பேச்சோடு பேச்சாகச் சொன்ன இந்த ஒரு வார்த்தையை அவள் ஒருத்தி மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

எண்ணுவது அவளுக்குப் பழக்கம். கல்யாணமானதிலிருந்து ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற வேலை. ஒரு இஞ்சுக்கு இத்தனை தையல் என்று கணக்கு. ஒன்று குறைந்தால் சூப்பர்வைசர் ஜோடியையே தூக்கி அப்பால் போடுவார். வேலையை விட்டுவிட்டாள், எண்ணுவதை விடவில்லை. ஏன் விட்டாள் என்பதை ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். சொசைட்டிக் குழாயில் கேன் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"என் மொத மாடு காலையிலேர்ந்து அசை போடலக்கா. வூட்ல யாரும் பாக்கல. நான் ஓவர்டைம். வந்து பாத்தா படுத்துக்கினு இருக்குது, வாய் சும்மா இருக்குது. அது அங்க சாவுது, நான் இங்க குந்திக்கினு தையல எண்ணிக்கினு இருந்தேன்."

அதற்கப்புறம் அவள் கம்பெனிக்குப் போகவில்லை.

பயந்தாங்கொள்ளி என்றால் அவளைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. புதுப் புண்ணாக்கு மூட்டை வந்தால் ஒரு துண்டை உடைத்து மோந்து பார்ப்பாள், நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பாள். பூசண வாடை லேசாக அடித்தாலும் மூட்டையோடு குப்பையில் கொட்டிவிடுவாள். வெயிலில் காயவைத்துப் போட்டால் ஆச்சு என்று நாங்கள் சிரிப்போம். டேனரிக் கழிவு ஊறிய ஆற்றோரக் கிணற்றுத் தண்ணீரை மாட்டுக்குக் காட்டவே மாட்டாள், பஞ்சாயத்துக் குழாயில் வரிசையில் நின்று குடம் குடமாகப் பிடித்துப்போய்த் தொட்டியை நிரப்புவாள். பச்சைப் புல்லையும் வைக்கோலையும் சின்னதாக வெட்டி, இரண்டையும் கலந்துதான் போடுவாள். எந்தத் தீனியைப் புதிதாக ஆரம்பித்தாலும் முதல் நாள் ஒரு பிடி, மறுநாள் இரண்டு பிடி. பத்து நாள் ஆகும் முழு அளவுக்கு வர.

"இவ்ளோ பயந்தா எப்டிம்மா மாடு வளக்கிறது?" என்று நான் ஒரு நாள் கிண்டல் பண்ணினேன்.

"பயம் இருக்கணும்க்கா. அதுக்கு வாய் இருக்குதே தவிர பேச்சு இல்ல. வவுத்த வலிக்குதுன்னு சொல்லுமா அது? நம்மதான் அதுக்கும் சேத்து பயப்படணும்."

பேச்சு இப்படி. ஆனால் பால்? என் மாடும் அவள் மாடும் ஒரே ஜாதி, ஒரே டாக்டர் ஊசி போட்டுப் பிறந்த கலப்பின மாடுகள். என் மாடு இரண்டு வேளையும் சேர்த்து எட்டு லிட்டரைத் தாண்டாது. அவள் மாடு பன்னிரண்டு கறந்தது. அளக்கிறவளே நான்தானே, எனக்கு வயிறு எரியாமல் இருக்குமா? எரிந்தது. நன்றாகவே எரிந்தது.

இன்னா போடுற என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒளிக்காமல் சொன்னாள். யாரும் நம்பவில்லை. புல்லும் வைக்கோலும் குழாய்த் தண்ணீரும் எல்லார் வீட்டிலும்தான் இருக்கிறது, இவளுக்கு மட்டும் எப்படிக் கறக்கும்? அந்த உதட்டசைவில்தான் ஏதோ இருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

அவள் தன் மாட்டோடு நிறுத்திக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது வழியில் யார் வீட்டு மாடு அசைபோட்டாலும் நின்றுவிடுவாள். வேலிக்கு இந்தப் பக்கம் காலி கேனோடு நின்று, கண் கொட்டாமல் பார்த்து, உதட்டை அசைப்பாள். எண்ணி முடித்ததும் கூச்சமே இல்லாமல் உள்ளே குரல் கொடுப்பாள். "இன்னாக்கா, உங்க மாடு முப்பத்தஞ்சுதான் மெல்லுது. தவிடு ஜாஸ்தியா போட்றீங்களா? எவ்ளோ கறக்குது? ஏன் கம்மி?"

எங்கள் ஊரில் கேட்கிற கேள்வியா இது! கேட்டவர்களுக்குக் காது கூசியது.

அந்த வருடம் தெருக்கோடி வீட்டு மாடு ஒன்று பிளாஸ்டிக் பையைத் தின்று செத்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு அவள் அங்கே நின்று பார்த்ததை நாலு பேர் பார்த்திருந்தார்கள். அடுத்து இன்னொரு வீட்டில் மடி வீங்கியது. அங்கேயும் அவள் நின்றிருந்தாளாம். அவள் நிற்காத வாசல் எது? எல்லா வாசலிலும்தான் நின்றாள். ஆனால் அந்தக் கணக்கை யார் போடுவார்கள்? மாட்டுக் கழுத்தில் கறுப்புக் கயிறு ஏறியது. அவள் கேனைத் தூக்கிக்கொண்டு தெருவில் வருகிற நேரம் தெரிந்து, மாட்டைச் சுவர்ப் பக்கம் முகம் திருப்பிக் கட்டினார்கள். அவளுக்கு இது புரிய ரொம்ப நாள் ஆயிற்று.

"ஏன்க்கா எல்லா மாட்டையும் செவுத்த பாக்கக் கட்டிக்கிறாங்க? காத்து வராதே" என்று என்னிடம் வந்து கேட்டாள். நான் பாலை அளக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

திருஷ்டி அது இது என்று நம்பக் கூடாது என்று எங்கள் பாஸ்டர் வாரம் தவறாமல் சொல்லுவார். நான் ஆமென் சொல்லுவேன். ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து என் மாட்டின் கொம்புக்கு நடுவே ஒரு கறுப்பு நூலைச் சுற்றினேன். ஈ வராமல் இருக்க என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். என் பக்தி அந்த லட்சணம்.

அந்த நேரத்தில்தான் என் தம்பிக்குக் கல்யாணம் நடந்தது. ஆம்பூரில் மண்டபம். காலையில் சர்ச்சில் தாலி, மத்தியானம் பிரியாணி. எங்கள் பக்கம் கல்யாணத்தில் பிரியாணி மீந்தால் அது கௌரவம், குறைந்தால்தான் மானம் போகும். அன்றைக்கு மீந்தது. கறித்துண்டையெல்லாம் சொந்தக்காரர்கள் அள்ளிக்கொண்டுபோக, வெறும் குஸ்கா ஒரு பெரிய அண்டா நிறைய நின்றது. என் வீட்டுக்காரர் அதை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"நம்ம வூட்டு கல்யாணம்டி. அது மட்டும் வைக்கோல் தின்னணுமா?" என்றார், மாட்டின் முதுகைத் தட்டிக்கொண்டே.

கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பாசத்தில்தான் செய்தோம். அதற்கு முன்பே ஒரு முறை மீந்த சோற்றை ஒரு சின்னக் குண்டான் போட்டிருந்தோம், மறுநாள் பால் அரை லிட்டர் கூடவே வந்தது. ஒரு குண்டானுக்கு அரை லிட்டர் என்றால் ஒரு அண்டாவுக்கு எவ்வளவு! அவளுடைய பன்னிரண்டு என் கண்முன்னே வந்து நின்றது. ஒரு பிடி, இரண்டு பிடி என்று அவள் சொன்னதும் ஞாபகம் வந்தது. வந்ததைத் தள்ளிவிட்டேன். சாயங்காலம் கறக்கிற நேரத்தில் நானே என் கையால் கரைத்து வைத்தேன். நெய் வாசனைக்கு மாடு தலையைத் தூக்காமல் தின்றது. வாலை ஆட்டி ஆட்டித் தின்றது.

மறுநாள் காலை அது பாலை இறக்கவில்லை. ஒரு டம்ளர் பால்கூட வரவில்லை. தலையைத் தொங்கப்போட்டு, இடது பக்கம் உப்பி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. புளித்த வாடையோடு தண்ணீராகக் கழிந்தது. சொசைட்டிக்கு என் நாத்தனாரை அனுப்பிவிட்டு நான் வாசலிலேயே நின்றேன். கல்யாணத்துக்கு வந்த சொந்தம் பாதிப் பேர் வீட்டில். அக்கம்பக்கமும் கூடிவிட்டது. அந்த மாட்டுப் பாலில்தான் எங்கள் வீடு ஓடியது. ஐந்து மாதச் சினை வேறு.

அப்போது அவள் வந்தாள். கேனைக் கீழே வைத்தாள். கூட்டம் விலகி வழி விட்டது, மரியாதையில் இல்லை, மேலே படக் கூடாது என்று. வேலியைப் பிடித்துக்கொண்டு என் மாட்டின் வாயைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நான் அவள் உதட்டைப் பார்த்தேன்.

உதடு அசையவே இல்லை.

இத்தனை வருடம் அந்த உதடு அசைவதைப் பார்த்துப் பயந்தவள் நான். அசையாமல் நின்றதைப் பார்த்தபோது வந்த பயம் வேறு.

"எண்ண ஒண்ணுமே இல்லக்கா" என்றாள். முகம் வெளுத்துவிட்டது. "அசை நின்னுபோச்சு. நேத்து இன்னா போட்டீங்க?"

எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். என் தம்பியின் மாமியார் வீட்டு ஆட்கள் நின்றார்கள். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்தார். கல்யாண வீட்டுச் சோறு போட்டு மாட்டைக் கெடுத்தேன் என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்லுவேன்? அதுவும் அவளிடம்?

"ஒண்ணும் போடல" என்றேன். "எப்பவும் போட்றதுதான்."

"அக்கா, சோறு கீறு தின்னுருந்தா சொல்லிடுங்க. வவுறு புளிச்சுப்பூடும். சோடா உப்பு கரச்சு ஊத்தலாம். டாக்டருக்கு போன்ல சோறுன்னு ஒரு வார்த்த சொன்னா போதும், மத்த வேலையப் போட்டுட்டு ஓடியாந்துடுவாரு. சொல்லுங்கக்கா."

அவள் கெஞ்சினாள். என் மாட்டுக்காக என்னிடம் கெஞ்சினாள். எனக்குக் கோபம் வந்தது. பயம் முற்றினால் கோபமாகத்தான் வெளியே வரும் போலிருக்கிறது.

"ஒண்ணும் போடலன்னு சொல்றேன்ல? போம்மா. உன்ன யார் வரச் சொன்னா? நீ வந்து நின்னு நின்னுதான் இந்தத் தெருவுல ஒவ்வொண்ணா சாவுது. போ என் வாசல்லேர்ந்து."

வாயிலிருந்து வந்துவிட்டது. வந்ததைத் திரும்ப எடுக்கவில்லை. அவள் கேனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டாக்டருக்கு நான்தான் போன் செய்தேன். "மாடு தீனி எடுக்கல சார்" என்று மட்டும் சொன்னேன். அப்படி நாளைக்குப் பத்துப் போன் அவருக்கு வரும். மூன்று ஊர் பார்த்துவிட்டு மத்தியானத்துக்கு மேல் வந்தார். அதற்குள் மாடு படுத்து, கழுத்தை ஒரு பக்கமாக மடித்துக்கொண்டது. காதைத் தொட்டார், கண்ணை விரித்துப் பார்த்தார், என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எவ்வளவு சோறும்மா?"

அண்டாவைக் காட்டினேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "காலையிலேயே சொல்லியிருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்" என்று மட்டும் சொல்லி, ஊசி போட்டு, பாட்டில் ஏற்றினார். சாயங்காலம் கறவை நேரத்துக்கு அது போய்விட்டது. வயிற்றிலிருந்ததும் போயிற்று.

நான் வெளியே வந்தபோது தெரு கொதித்துக்கொண்டிருந்தது. காலையில் நான் கத்திய வார்த்தையைத்தான் எல்லாரும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் நின்றாள், பார்த்தாள், மாடு செத்தது. சாட்சி நானே. பத்துப் பேர் அவள் வாசலுக்குச் சண்டைக்குப் போனார்கள். நான் போகவில்லை. தடுக்கவும் இல்லை. 'சோறு போட்டேன்' என்று இரண்டே வார்த்தை. தொண்டை வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

மறுநாள் சொசைட்டித் தலைவர் என்னைக் கூப்பிட்டு, அவள் பால் இனிமேல் வேண்டாம், மற்றவர்கள் ஒரே கேனில் ஊற்றப் பயப்படுகிறார்கள் என்றார். சொல்ல வேண்டியவள் யார்? அளக்கிறவள்தான். அவள் வழக்கம்போல் வந்து கேனை என் முன்னால் வைத்தாள். ஓரம் வரை நுரை.

"இனிமே உன் பால எடுக்க வாணாம்னு சொல்லிட்டாங்கம்மா" என்றேன். தலையை நிமிர்த்தவில்லை.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்காத குரலில், ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சோறாக்கா?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை அவளைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அவள் திரும்பி, வரிசையைப் பார்த்து, அக்கா என்ன செய்தாள் தெரியுமா என்று கத்தியிருக்கலாம். நான் அதற்காகவே காத்திருந்தேன் என்றுகூட இப்போது தோன்றுகிறது.

"அடுத்த மாட்டுக்குப் போடாதீங்க" என்றாள். கேனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு மாதத்துக்குள் மாட்டை விற்றுவிட்டு, வீட்டுக்காரரோடு அரக்கோணம் பக்கம் போய்விட்டாள். போகிற நாளில் மாட்டை வாங்கினவனிடம், "நாப்பதுக்குக் கீழ வந்தா டாக்டரக் கூப்பிடுங்கண்ணே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாளாம். அவன் தலையைச் சொறிந்துகொண்டு போனானாம். இதைச் சொல்லிச் சொல்லித் தெருவில் சிரித்தார்கள். நானும் கூட நின்றேன், சிரிப்பு வரவில்லை.

அதற்கப்புறம் நான் வாங்கிய மாட்டுக்கு அண்டாவும் இல்லை, குண்டானும் இல்லை. ஒரு பிடி, இரண்டு பிடிதான். தினம் காலையில் எதிரே குந்தி உட்கார்ந்து எண்ணுகிறேன். ஐம்பதுக்கு வருகிற வரைக்கும் எனக்குக் காபி இறங்காது. பால் கூடியதா என்று கேட்டால் கூடியது. சந்தோஷமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

போன வாரம் எதிர்வீட்டு மருமகள் மாடு. அவள் புதிதாக வந்தவள், ஷூ கம்பெனியில் பேக்கிங் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பி வரும்போது வேலியோரம் பார்த்தேன். மாடு அசைபோடுகிறது, ஆனால் சோம்பலாக. நின்றேன். எண்ணினேன். முப்பத்தொன்றில் விழுங்கிவிட்டது. அடுத்த வாய் இருபத்தாறு. முந்தின நாள் அவர்கள் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு நடந்தது எனக்கு ஞாபகம் வந்தது.

போய்விடலாம் என்றுதான் கால் சொன்னது. நாளைக்கு ஏதாவது ஆனால், எதிர்வீட்டு அத்தை வந்து நின்றாள், உதட்டை அசைத்தாள் என்றுதான் சொல்லுவார்கள். அந்தத் தெருவும் தெரியும், அந்த வாயும் தெரியும். அதில் ஒரு வாய் என்னுடையது.

"யம்மாடி, மாட்டுக்கு இன்னா போட்ட?" என்று குரல் கொடுத்தேன்.

அவள் வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள், மாட்டைப் பார்த்தாள், வீட்டுக்குள்ளே உட்கார்ந்திருந்த விருந்தாளிகளைப் பார்த்தாள்.

"ஒண்ணும் போடலியே அத்த. எப்பவும் போட்றதுதான்."

அந்தக் குரலை எனக்குத் தெரியும். நான் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு, மாட்டுக்கு எதிரே அப்படியே மண்ணில் உட்கார்ந்தேன், சர்ச்சுக்குக் கட்டிய புதுப் புடவையோடு.

"நானும் இதையேதான் சொன்னேன்" என்றேன், வீட்டுக்குள் இருக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி. "என் தம்பி கல்யாணத்துல மீந்த குஸ்காவ ஒரு அண்டா என் கையால போட்டேன். கேட்டப்போ ஒண்ணும் போடலன்னு சொன்னேன். மாடு செத்துச்சு. யாரும் கண்ணு வெக்கல. நான்தான் கொன்னேன். இப்ப சொல்லு, எவ்ளோ சோறு போட்ட?"

தெருவில் ஒரு கதவு திறந்தது. இன்னொரு கதவும் திறந்தது. அந்தப் பெண்ணின் கண்ணில் பயம் நிறைந்திருந்தது, மாட்டுக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை.

"ரெண்டு குண்டான் அத்த" என்றாள்.

"டாக்டருக்கு போன் போடு. சோறுன்னு சொல்லு, மொத வார்த்தையே சோறுன்னு சொல்லு. உள்ள சோடா உப்பு இருந்தா எடுத்துக்கினு வா."

அவள் ஓடினாள். மாட்டின் தொண்டையில் அடுத்த வாய் ஏறியது. வேலிக்கு அந்தப் பக்கம் நாலைந்து பேர் நின்று என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.